கோணல் தையல் இருக்கட்டும்!

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், அம்மாமார்களுக்குத் திண்டாட்டம்! காலைப் பலகாரம் முடிந்து பாத்திரம் கழுவுவதற்குள் "அம்மா, போரடிக்குது!" என்ற முதல் முறையீடு வந்துவிடும். அலமாரி நிறைய பொம்மைகள் இருந்தும் என்ன பயன்? சாவி கொடுத்தால் ஓடும் மோட்டாரும், பொத்தானை அமுக்கினால் பாடும் கரடியும் இரண்டு நாள் அதிசயம். மூன்றாம் நாள் அவை கட்டிலுக்கு அடியில்! கடைசியில் கைப்பேசியைக் கொடுத்து வாயை அடைக்கிறோம். பிறகு அதைத் திரும்ப வாங்குவதற்கு ஒரு யுத்தம்.

வாங்கிய பொம்மையில் குழந்தைக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஓடுவதும் பாடுவதும் பொம்மையே. நம் ஊர்ப் பழைய விளையாட்டுச் சாமான்கள் இப்படி இருந்ததில்லை.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் பழைய சாலையில், கேளம்பாக்கத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது படூர். இன்று அங்கே அடுக்கு மாடி வீடுகள் வானத்தை முட்டுகின்றன. பக்கத்தில் சிறுசேரிக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீடுகள் அநேகம். ஆனால் செங்கற்பட்டுச் சீமையில் பனை மரத்துக்கு ஒரு நாளும் பஞ்சம் இருந்ததில்லை. கோடையில் நுங்கு தின்றபின், காலியான இரண்டு கூந்தலை ஒரு குச்சியில் கோத்தால் நுங்கு வண்டி தயார். கவைக் கம்பால் தள்ளிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடலாம். ஓலையைக் கிழித்தால் காற்றாடி. நாலு மணியை உள்ளே வைத்துப் பின்னினால் தம்பிப் பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை. பூவரச இலையைச் சுருட்டினால் பீப்பீ. காலணா செலவில்லை. செய்தவன் கை அதில் இருந்தது. அதனால் உடைந்தாலும் அழுகையில்லை, இன்னொன்று செய்துகொள்ளலாம்.

பனை ஓலைக் கைவேலையையும் குயவர் சக்கரத்தையும் குழந்தைகளுக்குக் கண்ணாலேயே காட்ட வேண்டுமானால் வெகு தூரம் போக வேண்டாம். படூருக்குக் கிழக்கே, உப்பங்கழிக்கு அப்பால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறந்த இந்தக் கலைக் கிராமத்தில் தென்னாட்டுப் பழைய வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து கட்டி வைத்திருக்கிறார்கள். கைவினைஞர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். குழந்தைகள் தாங்களும் கை வைத்துப் பார்க்கலாம்.

அதெல்லாம் சரி, பன்னிரண்டாவது மாடியில் பனை ஓலைக்கு எங்கே போவது? ஓலையைப் போலவே இஷ்டத்துக்கு வெட்டலாம், ஓரம் பிரியாது, குழந்தை கைக்கும் அடங்கும் என்று ஒரு சாமான் நகரத்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. அதுதான் ஃபெல்ட்.

பெல்ட் அல்ல, ஃபெல்ட்!

இடுப்பில் கட்டும் பெல்ட் என்று நினைத்துவிடாதீர்கள்! இது ஒரு தினுசுத் துணி. ஆனால் தறியில் நெய்தது அல்ல. ஊடும் பாவும் இதில் கிடையாது. ஆட்டு ரோமத்தை ஈரமாக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்துத் தேய்த்தால், ரோமத்தின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒரே படலமாக இறுகிவிடும். கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுத் துவைத்து, அது சுருங்கித் தடித்துப் பாப்பா சட்டையாகிவிட்ட அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அங்கே நஷ்டமாக நடந்ததுதான் இங்கே தொழிலாக நடக்கிறது. காஷ்மீரத்து 'நம்தா' விரிப்பு இந்த முறையில் செய்வதுதான். பியானோவின் தந்திகளைத் தட்டும் சுத்தியல்களுக்கு மேலே சுற்றியிருப்பதும் ஃபெல்ட்தான்.

இன்று கைவேலைச் சாமான் கடைகளில் வண்ணத் தாள்களாக விற்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் நாரில் செய்தது. தாள் ஒன்று சுமார் 12 அங்குல நீளம், 8 அங்குல அகலம் இருக்கும். நமக்கு அது போதும். நூல் பிரியாததால் ஓரம் மடித்து அடிக்க வேண்டாம். உள்பக்கம் தைத்து வெளியே திருப்ப வேண்டாம். இது நல்ல பக்கம், இது பின் பக்கம் என்ற பேதமும் இல்லை. தையலில் பெரியவர்களுக்கே சிரமமான மூன்று காரியங்கள் இதில் அடிபட்டுப் போகின்றன. குழந்தைக்கு மிச்சமிருப்பது வெட்டுவதும் தைப்பதும் அடைப்பதும்தான்.

ஊசிமெத்தை யானையான கதை

ஃபெல்ட் பொம்மை என்றதும் ஒரு பெண்மணியை நினைக்காமல் இருக்க முடியாது. ஜெர்மனியின் தென்பகுதியில் கீங்கன் என்ற சிற்றூரில் 1847-ல் பிறந்தவர் மார்கரெட்டே ஷ்டைஃப். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, கால்கள் செயலிழந்தன. வலது கையும் பலம் குன்றியது. வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலிதான். ஆனாலும் பிடிவாதமாகத் தையல் பள்ளிக்குப் போனார். 1877-ல் ஃபெல்ட் துணியில் உடுப்புகளும் வீட்டுச் சாமான்களும் தைத்து விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் வந்துகொண்டிருந்த ஒரு பெண்கள் பத்திரிகையில் சின்ன யானை ஒன்றின் அச்சு வெளியாகியிருந்தது. 1880-ல் அதைப் பார்த்து ஃபெல்ட்டில் சில யானைகள் தைத்தார். தையல்காரப் பெண்கள் குண்டூசி செருகி வைக்கும் மெத்தையாக அது பயன்படும் என்பது அவர் எண்ணம். ஆனால் யானை குழந்தைகள் கையில் அகப்பட்டது. அவ்வளவுதான், பிறகு ஊசிக்கு அங்கே இடமே இல்லை! யானைக்குப் பின்னால் குரங்கும் குதிரையும் ஒட்டகமும் வந்தன. 1902-ல் அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்டு கைகால் அசையும் கரடி ஒன்றை வடிவமைத்தார். 1909-ல் மார்கரெட்டே காலமானபோது அந்தச் சின்னக் கடை உலகமெங்கும் பொம்மை அனுப்பும் தொழிற்சாலையாக வளர்ந்திருந்தது.

ஒரு பத்திரிகைப் பக்கத்திலிருந்து பிறந்தது இவ்வளவும்! இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்கள் வீட்டிலிருந்து தொழிற்சாலை கிளம்ப வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு யானை கிளம்பினால் போதும்.

வேண்டிய சாமான்கள்

வெள்ளை, பச்சை, பழுப்பு, மஞ்சள், கறுப்பு, சாம்பல் நிறத்தில் ஃபெல்ட் தாள் ஒவ்வொன்று, முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல், கம்பளி பின்னியதைத் தைக்க உதவும், கண் பெரிதான மழுங்கல் ஊசி, எம்பிராய்டரி நூல், கொஞ்சம் வெள்ளைப் பசை, பஞ்சு. இவ்வளவுதான்.

பஞ்சுக்கு இலவம் பஞ்சு லேசானது, மெத்தென்று இருக்கும். ஆனால் மின்விசிறிக் காற்றில் வீடெல்லாம் பறந்து தும்மல் போட வைக்கும். தையற்காரரிடம் கிடைக்கும் துண்டுத் துணிகளை நறுக்கியும் அடைக்கலாம். ஃபெல்ட் வெட்டியதில் மிஞ்சும் துணுக்குகளையும் எறியாதீர்கள். அதுவும் வயிற்றுக்குள் போகட்டும்.

கறுப்புத் துணியில் பென்சில் கோடு தெரியாது. தேய்ந்து மெலிந்த சோப்புச் சில்லால் வரையுங்கள். தையற்காரர்கள் கையாளும் உபாயம்தான் இது. வாங்கும்போது தொளதொளவென்று இருப்பதைவிடச் சற்று விறைப்பான தாளாகப் பார்த்து வாங்குங்கள். தொளதொளப்பான துணி கத்தரிக்கோலின் இரு அலகுக்கு நடுவே மடங்கிக்கொள்ளும். குழந்தைக்கு அழுகை வரும்.

வட்டம் வரையக் காம்பஸ் தேடாதீர்கள். காபி டம்ளர், டபரா, பாப்பா வளையல், ரூபாய் நாணயம் என்று சமையலறையும் பீரோவும் நிறைய அச்சுகள் இருக்கின்றன.

இலை போட்டாச்சு!

முதலில் சுலபமான ஒன்று. சொப்பு வைத்து விளையாடும் குழந்தைக்கு வாழையிலைச் சாப்பாடு செய்து கொடுக்கலாமா? 'செய்து கொடுக்கலாமா' என்பது தப்பு, சேர்ந்து செய்யலாமா?

பச்சைத் தாளை இலை வடிவில் வெட்டுங்கள். நடு நரம்புக்கு ஒரு கோடு போட்டு, அதன்மேல் அரை அங்குலத்துக்கு ஒரு துளையாகக் குத்தூசியால் நீங்கள் துளைத்து வையுங்கள். மஞ்சள் நூல் கோத்த மழுங்கல் ஊசியைக் குழந்தை மேலே ஒரு துளையில் விட்டுக் கீழே ஒரு துளையில் எடுக்கட்டும். ஓட்டுத் தையல் வந்துவிட்டது! இதுதான் முதல் பாடம்.

இட்லிக்கு வெள்ளையில் டம்ளர் வாய் அளவு இரண்டு வட்டம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தைச் சுற்றித் தைத்து, இரண்டு விரல் அளவு திறப்பு விட்டு, பஞ்சை அடைத்து மூடினால் இட்லி. எவ்வளவு அடைப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். கல்லு இட்லியானாலும் இந்த ஒரு வீட்டில் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

வடைக்குப் பழுப்பில் அதே அளவு இரண்டு வட்டம். நடுவில் ரூபாய் நாணயத்தை வைத்து வரைந்து, இரண்டாக மடித்து நறுக்கினால் ஓட்டை விழும். முதலில் ஓட்டையைச் சுற்றித் தையுங்கள். பிறகு வெளி ஓரத்தைத் தைத்துக்கொண்டே இடையிடையே பஞ்சை அடையுங்கள். அப்பளத்துக்கு மஞ்சளில் டபரா அளவு ஒற்றை வட்டம் போதும்; பழுப்புத் துணுக்குகளைப் பசை தொட்டு அங்கங்கே ஒட்டினால் பொரிந்த புள்ளிகள். பசை மட்டும் துளித்துளியாக இருக்கட்டும். அதிகமானால் மறுபக்கம் ஊறி நின்றுவிடும்.

வாலைக் கவ்வும் மீன்கள்

கோவளம், மாமல்லபுரம் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு மீன் இல்லாமல் எப்படி? இந்த மீன் விளையாட்டும் காட்டும், பாடமும் நடத்தும்.

நிறத்துக்கு ஒன்றாக ஆறு மீன்கள், ஒவ்வொன்றும் 5 அங்குல நீளம். ஒரே வடிவத்தில் இரண்டிரண்டு துண்டு வெட்டி ஒட்டினால் விறைப்பாக இருக்கும். வால் பக்கம் ஓர் அங்குல அகலமுள்ள பெரிய பொத்தானை இரட்டை நூலில் அழுத்தமாகத் தைத்துவிடுங்கள். வாய்ப் பக்கம் பொத்தானைவிடச் சற்றே நீளமான ஒரு கீறல் போடுங்கள். சாதாரணத் துணியானால் அந்தக் கீறலுக்குக் காஜா எடுக்க வேண்டும்; ஃபெல்ட்டில் அது தேவையில்லை. ஒரு மீனின் வாய்க்குள் அடுத்த மீனின் வால் பொத்தானை நுழைத்தால், மீன்கள் வரிசையாக வாலைக் கவ்விக்கொண்டு ஊர்வலம் போகும். ஆறாவது மீனின் வாய் முதல் மீனின் வாலைக் கவ்வினால் மாலை!

இதை விளையாடும் குழந்தை சில நாளில் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளும். பள்ளிக்கு அனுப்பும் காலை அவசரத்தில் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் பள்ளிகளில் பொத்தான், கொக்கி, நாடா இவற்றைச் சட்டத்தில் பூட்டிக் குழந்தைகளிடம் கொடுத்தது இதற்காகத்தான். கை வேலையில் ஈடுபடும்போதே குழந்தையின் புத்தியும் வளர்கிறது என்பது அவருடைய கொள்கை. 1939-ல் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பில் அவர் சென்னைக்கு வந்து, அடையாறு பிரும்மஞான சபைத் தோட்டத்தில் ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தினார். யுத்தம் குறுக்கிட்டதால் 1946 வரை நம் நாட்டிலேயே தங்கும்படி ஆயிற்று. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னால், ஜெர்மனியில் கிண்டர்கார்ட்டன் முறையைத் தொடங்கிய ஃப்ரேபெல் என்ற பெரியவர் குழந்தைக்கென்று வகுத்த முதல் விளையாட்டுச் சாமான் எது தெரியுமா? ஆறு நிறத்தில் மெத்தென்ற கம்பளிப் பந்துகள்! பிடித்தால் நழுவாத, விழுந்தால் அடிபடாத சாமான்தான் குழந்தைக்கு முதலில் வேண்டும் என்று அவர் கண்டார்.

பாட்டி, காக்கை, நரி

பாட்டி வடை சுட்ட கதை தெரியாத குழந்தை உண்டா? அந்தக் கதையை விரல் நுனியில் நடத்தலாம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டரை அங்குல உயரம், ஒன்றரை அங்குல அகலத்தில் இரண்டு துண்டு. மேல் முனை மட்டும் வளைவாக இருக்கட்டும். மூன்று பக்கம் தைத்துக் கீழ்ப்பக்கம் திறந்து விட்டால் விரலில் மாட்டிக்கொள்ளும் உறை. கறுப்பு உறைக்கு மஞ்சளில் முக்கோண மூக்கு வைத்தால் காக்கை. பழுப்பு உறைக்கு இரண்டு கூர்க்காதும் வெள்ளை முகவாயும் வைத்தால் நரி. பாட்டிக்கு வெள்ளைத் தலைமயிர், பின்னால் ஒரு குட்டிக் கொண்டை.

இனி வடைதான் சூட்சுமம். நாணய அளவில் ஒரு பழுப்பு வட்டம் வெட்டி, அதில் பிரஸ் பட்டனின் ஒரு பாதியைத் தையுங்கள். மறு பாதியைக் காக்கையின் மூக்கில் தையுங்கள். காக்கை மூக்கில் வடை ஒட்டிக்கொள்ளும். நரி பாட்டுப் பாடச் சொல்லும்போது 'டிக்' என்று கழற்றிவிட்டால், கா... கா... வடை கீழே! இந்த ஒரு தந்திரத்துக்காகவே கதையை இருபது தடவை சொல்ல வேண்டி வரும், தயாராக இருங்கள். சில நாள் போனால் கதை மாறும். காக்கை வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடும். பாட்டி நரியைத் துரத்துவாள். மாறட்டும். கதையைக் கையில் எடுத்துக்கொண்ட குழந்தை அப்படித்தான் செய்யும்.

யானை வந்தது

கடைசியாக, கீங்கன் அம்மையாரின் ஞாபகமாக ஒரு யானை. சாம்பல் ஃபெல்ட்டில் 5 அங்குல அகலமுள்ள தட்டை வைத்து வட்டம் வரைந்து, சரிபாதியாக வெட்டுங்கள். இரண்டு அரை வட்டம் கிடைக்கும். நேர்விளிம்பு கீழே இருக்கட்டும். விளிம்பின் நடுவில் பாப்பா வளையலின் பாதி வளைவை வரைந்து வெட்டி எடுத்தால் முன்கால், பின்கால் இரண்டும் வந்துவிடும். தும்பிக்கைக்கு வளைந்த பட்டை ஒன்று, வாலுக்கு மூன்று நூலைப் பின்னியது ஒன்று. இரண்டு அரை வட்டத்துக்கு நடுவே இவற்றைச் செருகி, ஓரத்தில் பிளாங்கெட் தையல் போட்டு வாருங்கள். ஊசியைக் குத்தி, நூலின் கண்ணிக்குள்ளேயே ஊசியை எடுத்து இழுத்தால் ஓரத்தில் நூல் வரிசையாகப் படியும். காஜாத் தையலுக்குத் தங்கை மாதிரி. முடிப்பதற்கு முன் கால்களில் முதலில் பஞ்சை அடைத்து, பிறகு முதுகை நிரப்புங்கள். காதுகளுக்கு வளையல் அளவு வட்டம் இரண்டு. முன் ஓரம் மட்டும் தைத்தால் மீதி தானே ஆடும். கண்ணை நூலாலேயே போட்டுவிடுங்கள்.

யாருக்கு எந்த வேலை?

மூன்று நாலு வயதுக் குழந்தை நிறம் பார்த்து எடுக்கட்டும். பஞ்சைப் பிய்த்து அடைக்கட்டும். ஐந்து ஆறு வயதில் நேர்க்கோட்டில் வெட்டலாம், நீங்கள் போட்ட துளையில் தைக்கலாம். ஏழு எட்டு வயதில் வட்டம் வெட்டலாம், பிளாங்கெட் தையல் பழகலாம். பத்து வயதுக்கு மேல் அச்சே அவர்களுடையதாக இருக்கட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று. ஊசியைப் பெண் குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் பையனை "நீ போய் விளையாடு" என்று அனுப்பிவிடாதீர்கள். நாளைக்கு வெளியூரில் தங்கிப் படிக்கும்போது சட்டைப் பொத்தான் அறுந்தால் அவனுக்கும் கை வேண்டுமே! ஆபீஸிலிருந்து வந்த அப்பாவையும் விடாதீர்கள். பஞ்சு அடைக்க அவரைவிட ஏற்ற ஆள் கிடையாது.

அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். பாதி யானையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வையுங்கள். மீதி நாளைக்கு என்றால், நாளைக் காலைக்கு ஒரு ஆவல் இருக்கும்.

ஜாக்கிரதை!

கடையில் விற்கும் பொம்மைகளுக்கு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதானால், 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. வீட்டில் செய்யும் பொம்மைக்கு முத்திரை போடும் அதிகாரி நீங்கள்தான்!

மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் பொத்தான், மணி, பிரஸ் பட்டன் ஒன்றும் பொம்மையில் வேண்டாம். ஒன்றேகால் அங்குலக் குழாய்க்குள் அடங்கும் எந்தத் துண்டும் அந்த வயதில் தொண்டையை அடைக்கக்கூடியது. மீன் மாலையும் காக்கை வடையும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் மட்டுமே. விளையாடி முடிந்ததும் உயரத்தில் ஏறட்டும். தையல் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள்.

தொடங்கும்போது எத்தனை ஊசி என்று குழந்தையையே எண்ணச் சொல்லுங்கள். முடிக்கும்போதும் அவனே எண்ணட்டும். கணக்குத் தப்பினால் ஒரு காந்தத்தைத் தரையில் ஓட்டித் தேடாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. நடக்கும்போது ஊசியும் கத்தரிக்கோலும் கையில் இருக்கக் கூடாது.

மலிவான சிவப்பு ஃபெல்ட் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, ஒட்டாவிட்டால் மட்டும் பாப்பா கையில் கொடுங்கள். பாலியெஸ்டர் ஃபெல்ட்டில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகிவிடும். குத்துவிளக்கு, அடுப்பு இவற்றுக்கு அருகிலும் வேண்டாம். அழுக்கானால் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு, பிழியாமல் அழுத்தி எடுத்து நிழலில் உலர்த்துங்கள்.

அவிழ்க்காதீர்கள்

யானை முடிந்துவிட்டது. ஒரு காது மேலே, ஒரு காது கீழே. தையல் ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் பல்லிளிப்பு. குழந்தை தூங்கியபின் அதை அவிழ்த்து நேராகத் தைத்து வைக்கலாமே என்று நம் கை பரபரக்கும். நல்ல எண்ணம்தான், ஆனால் செய்யாதீர்கள்!

காலையில் எழுந்து பார்க்கும் குழந்தைக்கு எது தெரியும்? யானை அழகாகிவிட்டது என்பது தெரியாது. 'நான் செய்தது போதவில்லை, அம்மா திருத்திவிட்டாள்' என்பதுதான் தெரியும். அடுத்த தடவை கத்தரிக்கோலை உங்கள் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே செஞ்சு குடு" என்று சொல்லும். நேரான தையல் எந்த வயதிலும் வந்துவிடும். தன்னால் முடியும் என்ற எண்ணம் போய்விட்டால் திரும்ப வருவது லேசில்லை. பிரிந்து பஞ்சு வெளியே வந்தால் மட்டும், அதையும் குழந்தை எதிரிலேயே, கேட்டுக்கொண்டு இரண்டு தையல் போடுங்கள்.

கையால் ஒன்றைச் செய்து முடிப்பதில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதற்கு இந்தக் கடற்கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நம் மீனவக் குப்பங்களை வாரிக்கொண்டு போனது. உற்றாரையும் உடைமைகளையும் இழந்து, கடலைப் பார்க்கவே நடுங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்? மாமல்லபுரத்திலிருந்து கடலோரச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரிக்கு முன்னால் வரும் ஆரோவில்லில், உமா பிரஜாபதி என்ற பெண்மணி நடத்தும் 'உபாசனா' என்ற உடை நிறுவனம் 2005-ல் அவர்களைக் கூட்டி உட்கார வைத்து, ஒரு சின்ன வேலையைக் கற்றுக் கொடுத்தது. தையலில் மிஞ்சும் வெட்டுத் துணிகளைச் சுருட்டிக் கட்டி, விரல் நீளத்தில் ஒரு பொம்மை செய்வதுதான் அந்த வேலை. பொம்மைக்குப் பெயர் சுனாமிகா. அது ஃபெல்ட் அல்ல, வெறும் துண்டுத் துணி. அதை விலை போட்டு விற்காமல் அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டவர்கள் மனமுவந்து அளித்த நன்கொடையில் வேலை நடந்தது. செய்த பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. நாலு பேரோடு உட்கார்ந்து கையை ஓட்டும்போது பேச்சும் வந்தது. பொம்மையோ கடல் தாண்டிப் பல தேசங்களுக்குப் போயிற்று.

பெரிய துக்கத்தில் இருந்தவர்களுக்கே கைவேலை அவ்வளவு பலம் தந்ததென்றால், மழை நாளில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சலித்து நிற்கும் குழந்தைக்குத் தராதா?

வருகிற சனிக்கிழமை மத்தியானம் பிஸ்கட் டின்னை எடுத்து நடுக்கூடத்தில் வையுங்கள். எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். ஒரே ஓர் இட்லி போதும். செய்து முடித்ததும், "இது யார் செஞ்சது?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். பதில் சொல்லும் பொறுப்பைக் குழந்தைக்கே விட்டுவிடுங்கள்!